வண்ணக்காரத் தெருவில் பறிபோன செடிகள்

ராஜாக்கள் யானை மேலும் குடிகள் மாட்டுவண்டியிலும் போன காலத்துக் கதை இது, கேளுங்கள்.

மருதவாயில் நகரத்து வண்ணக்காரத் தெருவில் வாசலுக்கு வாசல் பூச்செடி. அங்கே செங்கமலம் என்ற பெண்மணி தனியாக வாழ்ந்து வந்தாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைக் காணோம். பிறகு எதிர்வீட்டு மருக்கொழுந்து போயிற்று. கடைசியில் செங்கமலத்தின் நந்தியாவட்டையும் போயிற்று. வேரோடு பிடுங்கிய குழிதான் மிச்சம்.

தெரு கொதித்தது. முள்வேலி போட்டார்கள், குழந்தைகளின் காலில் குத்தியது. நாய் கட்டினார்கள், விருந்தாளியைக் கடித்தது. பிறகு ஆளைத் தேடினார்கள். தினமும் கூடையோடு வரும் பூக்காரி அலர்மேலு அகப்பட்டாள்.

“கூடைக்குள் ஒளித்துத்தான் கொண்டுபோயிருப்பாள். இனி இவள் இங்கே கால் வைக்கக் கூடாது!” என்றார் எதிர்வீட்டு நமச்சிவாயம்.

அலர்மேலு கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். உதிரிப்பூதான் கொட்டியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. தெருக் காவல்காரன் வேலப்பன் அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வந்தான்.

செங்கமலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. செடி போனதில் வருத்தம்தான். ஆனால், கண்ணால் பார்க்காத ஒன்றைச் சொல்லி ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மனம் உறுத்தியது. எடுத்தவன் விற்றிருந்தால் சந்தையில் தெரிந்திருக்கும். ஆசைப்பட்டு எடுத்திருக்கிறான். ஆசைப்பட்டவன் செடியைச் சாகவிட மாட்டான் என்று யோசித்தாள்.

மறுநாள் பொதுக் கிணற்றடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “என் நந்தியாவட்டைக்கு வேரில் பூச்சி. மருந்து வைக்காவிட்டால் பட்டுப்போகும். மருந்து என்னிடம் இருக்கிறது.”

அது பொய்யல்ல. பூச்சி இருந்தது.

சாயங்காலம் ஒருவன் வந்தான். பார்த்தால், காவல்காரன் வேலப்பன்!

“என் மச்சான் வீட்டில் ஒரு செடி வாடுகிறது அம்மா. அந்த மருந்து…”

“மச்சான் வீட்டிலா, உன் வீட்டிலா?”

வேலப்பன் தலை குனிந்தான். மலையிலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த மனைவி, பச்சையே இல்லாத முற்றத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாளாம். தெருவில் பிடுங்கிய செடிகளை விலைக்கு வாங்கியதாக அவளிடம் சொல்லி நட்டானாம்.

“கேட்டிருந்தால் ஒரு கிளை ஒடித்துத் தந்திருப்பேனே?”

“காவல்காரன் போய்க் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது.”

செங்கமலம் மருந்தை அவன் கையில் வைத்தாள். “செடிக்கு இது போதும். அலர்மேலுவுக்கு என்ன செய்யப் போகிறாய்?”

இரவெல்லாம் அவன் தூங்கவில்லை. விடிந்ததும் நடுத்தெருவில் நின்று உண்மையைச் சொன்னான். பக்கத்து வீட்டார் மன்னித்தார்கள். கடைசி வீட்டார் ஏசினார்கள். நமச்சிவாயம் கதவைச் சாத்திக்கொண்டார். வேலப்பனின் காவல் வேலை போயிற்று.

செங்கமலமே போய் அலர்மேலுவை அழைத்து வந்தாள். அவள் வந்தாள், பூ விற்றாள். ஆனால் முன்போல் யார் வீட்டிலும் உட்கார்ந்து பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் மருந்து செங்கமலத்திடமும் இல்லை.

பொருளைப் பறிகொடுத்தவர்கள், ஆத்திரத்தில் நியாயத்தையும் பறிகொடுத்துவிடக் கூடாது.