கரடி சேர்த்த விதிகள்

பெரிய ஆறு ஒன்றை ஒட்டி ஐந்து காடுகள் இருந்தன. அவற்றில் ஒரு காட்டில் சிங்கம் ராஜா, கரடி மந்திரி. கோடை வந்துவிட்டால் போதும், எங்கே தீப்பிடிக்குமோ என்று எல்லா விலங்குகளும் பயந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஐந்து காட்டாரும் கூடிப் பேசி ஒரே ஒரு விதி செய்தார்கள்: "புகையைக் கண்டவர் உடனே கத்த வேண்டும். கேட்டவர் ஆற்றுக்கு ஓட வேண்டும்."

மற்ற காடுகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. நம் கரடிக்கு மட்டும் அது போதவில்லை.

"இத்தனூண்டு விதியா? நம் காட்டின் கௌரவம் என்னாவது?" என்றது. புகைதானா என்று பன்றி மோந்து பார்க்க வேண்டுமாம். எந்தத் திசை என்று மயில் பாறையேறிப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் கரடி தலையசைத்தால்தான் கத்தலாமாம். மீறினால் காட்டை விட்டே துரத்திவிடுவார்களாம்! சிங்கமும் யோசிக்காமல் "சரி" என்றது.

ஒருநாள் உச்சி வெயிலில், மூங்கில் புதருக்குப் பின்னால் புகை எழுவதை ஆட்காட்டிக் குருவி பார்த்துவிட்டது. புல்வெளியில் அதன் மூன்று குஞ்சுகள். ஒன்றுக்கும் இன்னும் பறக்கத் தெரியாது.

கத்துவதற்கு வாயைத் திறந்தது. 'துரத்திவிட்டால் குஞ்சுகளை யார் பார்ப்பார்கள்?' பாவம், வந்த சத்தத்தை விழுங்கிக்கொண்டு பன்றியிடம் பறந்தது.

"பன்றி அண்ணா, சீக்கிரம் மோந்து பாருங்கள்!"

சேற்றில் கிடந்த பன்றி மெதுவாக எழுந்து மூக்கை நீட்டியது. "புகைதான். மயிலிடம் போ."

மயில் தோகையை உதறிக்கொண்டு பாறையேறியது. அப்போது பக்கத்துக் காட்டிலிருந்து "புகை! புகை!" என்று ஒரு குரங்கு அலறியது. அங்கிருந்தவர்கள் ஆற்றுக்கு ஓடும் சத்தம் தடதடவென்று கேட்டது.

"அவர்கள் ஓடுகிறார்களே!" என்று துடித்தது குருவி.

"அது அவர்கள் காட்டு வழக்கம். தீ மேற்கே இருக்கிறது. போய் மந்திரியிடம் சொல்."

கரடி தேனடையை நக்கிக்கொண்டிருந்தது. "பன்றி நேரில் வந்து சொல்லட்டும்."

"ஐயோ, மந்திரியாரே! என் குஞ்சுகள்!"

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?"

அதற்குள் மூங்கில் படபடவென்று வெடித்தது. குருவிக்குப் பொறுக்க முடியவில்லை. "நாசமாய்ப் போகட்டும் உங்கள் ஒழுங்கு!" என்று உயரப் பறந்து, தொண்டை கிழியக் கத்தியது.

கத்திக்கொண்டே புல்வெளிக்குப் பறந்து, குஞ்சுகளை ஆற்றை நோக்கி ஓடவைத்தது. மான், யானை, முயல் எல்லாம் ஆற்றுக்குப் பாய்ந்தன. சிங்கமும் ஓடியது. கரடியும்தான்!

மூச்சிரைக்கத் தண்ணீரில் நின்றபடி கரடி கேட்டது: "என் அனுமதி இல்லாமல் கத்தியது யார்?"

"நான்தான்," என்றது குருவி. அதன் பக்கத்தில் இறகு பொசுங்கிய இரண்டு குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "துரத்துங்கள், போகிறேன். ஆனால் புகையைப் பார்த்ததுமே கத்தியிருந்தால் என் கடைக்குட்டியும் இங்கே நின்றிருக்கும்."

சிங்கம் தலைகுனிந்து சொன்னது: "தவறு என்னுடையது. கரடியாரே, ஐந்து காட்டாரும் சொன்னது மட்டும் இருக்கட்டும். நீர் சேர்த்ததையெல்லாம் இப்போதே எடுத்துவிடும்."

குருவி தன் இரண்டு குஞ்சுகளையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு அழுதது.

நீதி: காப்பாற்ற வந்த விதியின்மேல் வீண் விதிகளை ஏற்றினால், அது யாரையும் காப்பாற்றாது.