மயில்ராசா வைத்த புல்தரை

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே ஒரு மணல்காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு ஒரு மயில் ராசாவாக இருந்தது. ராசாவாவதற்கு அதற்கு இருந்த தகுதி அதன் தோகை. வேறு தகுதி ஏதாவது இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காட்டிலேயே யாரும் கேட்கவில்லை.

அங்கே உடைமரம் இருந்தது. முட்சங்கன் புதர் இருந்தது. மணல்மேல் படர்ந்து ஊதாப் பூவாய்ப் பூக்கும் அடம்பங்கொடி இருந்தது. இவற்றுக்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. கொதிக்கும் மணலானாலும் சரி, உப்புக் காற்றானாலும் சரி, முகம் சுளிக்காமல் நின்றன.

காட்டின் நடுவே ஒரே ஒரு ஊற்று. மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்கு அடியில் கடல் தண்ணீர். ஒருவர் குடித்தால், மறுபடி ஊறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். “ஊறட்டும், பொறு!” என்பதுதான் அந்தக் காட்டின் ஒரே சட்டம். வேறெந்தச் சட்டத்தையும் மதிக்காத நரிகள்கூட இதை மதித்தன.

மார்கழிதோறும் அங்கே பூநாரைகள் வந்து தங்கும். ஒரு மார்கழியில் அவற்றின் தலைவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அடேயப்பா, ஒரே முள்ளா இருக்கே!” என்றது. மயிலுக்கு அது சுருக்கென்று தைத்தது. விருந்தாளிகள் திரும்பிப் போய் நெடுநாளாகியும் அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“முள்ளாம்! என் ராச்சியம் முள்ளாம்! அடுத்த மார்கழிக்கு வரட்டும், காட்டுகிறேன்!” என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு திரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வந்து சேர்ந்தது. மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியில் அசந்து தூங்கி, கண் விழித்தால் எதிரே கடல். பசி வேறு.

“நான் மலைமேல் பெரிய பூங்காவில் பத்து வருஷம் இருந்தவனாக்கும்!” என்றது குரங்கு.

இருந்தது உண்மைதான். சுற்றுலா வந்தவர்கள் கையிலிருந்த கடலையைப் பிடுங்கித் தின்றுகொண்டு இருந்தது. அதைக் குரங்கு சொல்லவில்லை, மயிலும் விசாரிக்கவில்லை. அன்றைக்கே அதற்கு ‘தோட்ட நிபுணர்’ பட்டம் கிடைத்துவிட்டது.

மறுநாள் சபை கூடியது. நிபுணர் ஒரு மணல்மேட்டில் ஏறி நின்றது.

“ஒரு காடு என்றால் அழகு வேண்டும்! புல்தரை வேண்டும்! ரோஜா வேண்டும்! குரோட்டன்ஸ் வேண்டும்!”

உப்பளத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்துபோய்க் காட்டுக்கு வந்திருந்த பொதியப்பன் என்ற கழுதைக்குப் புல் என்றதும் காது நிமிர்ந்தது.

“புல்தரையா? தின்னவா?”

“தின்னவா? சீச்சீ! பார்க்க!”

“பார்த்தா?”

“பார்த்தால் பச்சையாக இருக்கும்!”

சபை ஆரவாரம் செய்தது. கழுதை மட்டும் திருதிருவென்று விழித்தது. அதன் வம்சத்திலேயே யாரும் புல்லைப் பார்ப்பதற்காக வளர்த்ததில்லை.

“முதல் வேலை, இந்தக் களையையெல்லாம் பிடுங்க வேண்டும்,” என்று குரங்கு அடம்பங்கொடியைக் காட்டியது.

சுடலி என்று ஒரு கௌதாரி அங்கே இருந்தது. ஊற்றின் ஓரம், முட்சங்கன் புதரடியில், அடம்பு இலைகளின் நிழலில்தான் அது எப்போதும் முட்டையிடும். வாய் கொஞ்சம் நீளம். துள்ளி முன்னே வந்தது.

“களைன்னா என்னவே?”

“யாரும் நடாமல் தானாக முளைத்துக் கிடப்பது!”

“அப்படின்னா ராசாவும் களைதானா? அவரையும் யாரும் நடலையே!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மயில் திரும்புவதற்குள் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள்.

“சுடலி! உனக்கு ரசனை என்பதே கிடையாது!” என்று மயில் அகவியது.

“எனக்கு ரசனை இல்லைதான் ராசா. ஆனா அடம்பு போனா மணலு பறக்கும். புல்லுக்கு இறைச்சா ஊத்து உப்பாப் போகும். எம்புள்ளைக பொரிச்சு வந்தா எதைக் குடிக்கும்? அதை மட்டும் சொல்லும்!”

“உன் பிள்ளைகள் ரோஜாவுக்கு நடுவே வளரும் பாக்கியம் பெறும்!” என்றது குரங்கு. சபை மறுபடி ஆரவாரம் செய்தது. ஆரவாரம் செய்த அத்தனை பேருக்கும் ஊற்றின் சட்டம் தெரியும். ஆனால் ராசா பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை ஞாபகப்படுத்திக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

நரிகள் அடம்பங்கொடியை வேரோடு இழுத்துப் போட்டன. முட்சங்கன் புதரையும் உடைமரத்தையும் மட்டும் விட்டுவைத்தார்கள். இரக்கப்பட்டு அல்ல. மூக்கில் முள் ஏறிவிட்டது.

கடற்கரையில் இருந்த ஓட்டல் தோட்டத்திலிருந்து நரிகள் புல்லைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வந்தன. ரோஜாவும் குரோட்டன்ஸும் வந்தன. கழுதையின் முதுகில் இரண்டு குடங்களைக் கட்டினார்கள். அரசாணை வந்தது: புல்லுக்கு இரண்டு வேளை தண்ணீர், பிராணிகளுக்கு ஒரு வேளை.

“ராசா, எங்களையும் புல்லுன்னு அறிவிச்சிட முடியுமா?” என்று ஒரு முயல் பணிவாக விண்ணப்பித்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

கழுதை இறைத்தது, ஊற்றியது. இறைத்தது, ஊற்றியது. ஊறட்டும், பொறு என்ற பேச்சே இல்லை. மணல் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு இன்னும் கேட்டது. புல்லின் நுனி பழுத்தது.

“தண்ணீர் போதவில்லை!” என்றது நிபுணர்.

இரண்டு வேளை நாலு வேளையாயிற்று. புல் பாதி பழுத்தது.

“இன்னும் போதவில்லை!”

நிபுணருக்கு அந்த ஒரு மருந்துதான் தெரியும். மலையில் மழை தினமும் பெய்யும். அங்கே அந்த மருந்தும் தேவைப்பட்டதில்லை.

இதற்கிடையில் காற்று வீசினால் மணல் எழும்பி எல்லோர் கண்ணிலும் விழுந்தது. அடம்பு இருந்தவரைக்கும் அது மணலைப் பாய் விரித்தாற்போல மூடி வைத்திருந்தது. இப்போது ரோஜாக்கள் கழுத்துவரை புதைந்து நின்றன. ஐப்பசி மழையும் அந்த வருஷம் எட்டிப் பார்த்துவிட்டு, உப்பளத்துக்காரர்கள் திட்டுவார்கள் என்று பயந்ததுபோலத் திரும்பிப் போய்விட்டது.

ஒருநாள் முயல் ஊற்றில் வாய் வைத்துவிட்டு, “லேசாக் கரிக்குதே ராசா,” என்றது.

“கரிப்பா? அது கனிமச் சத்து!” என்று குரங்கு குறுக்கே விழுந்தது. “மலையில் இதற்காக ஏங்குகிறார்கள்!”

எல்லோரும் கனிமச் சத்தைக் குடித்தார்கள். எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. மயில், “எனக்கு இனிக்கத்தான் செய்கிறது!” என்று சபையில் சாதித்துவிட்டு, விடிகாலையில் யாரும் பார்க்காதபடி உடைமரத்தடியில் பனித்துளியை நக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுடலியின் முட்டைகள் பொரித்தன. நாலு குஞ்சுகள். கடைக்குட்டி கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. ஆனால் தாயைப் போலவே வாய். சுடலி ஆசை ஆசையாய் நாலையும் ஊற்றுக்கு நடத்திக்கொண்டு போனது.

“அம்மா, கரிக்கி!” என்று மூன்று குஞ்சுகள் துப்பின. கடைக்குட்டிக்குத் தாகம் தாங்கவில்லை. அது மட்டும் குடித்தது. வயிறு முட்டக் குடித்தது.

சாயங்காலத்துக்குள் அதன் சிறகு தொங்கிப்போயிற்று. சுடலி அதைத் தன் வயிற்றுக்கடியில் வைத்து அணைத்துக்கொண்டு, “கண்ணு, கண்ணைத் திற. கண்ணு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குஞ்சு கண்ணைத் திறக்கவில்லை. காடே கேட்கும்படி சுடலி அழுதது. பத்தடி தள்ளிப் புல்தரைக்கு அன்றைய நாலாம் வேளைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மிச்சமிருந்த மூன்றும் சோர்ந்து புதரடியில் கிடந்தன. அங்கே முட்சங்கன் பழம் உதிர்ந்து கிடந்தது. வெள்ளை வெள்ளையாய், சின்னச் சின்னதாய், உள்ளே கொஞ்சம் சாறு. ஒரு குஞ்சு கொத்தியது. அப்புறம் மற்றதுகளும் கொத்தின. தண்ணீரே ஊற்றாத செடிதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது. உயிர் தங்கியது.

சுடலி நேரே கழுதையிடம் போனது.

“அண்ணாச்சி, எம்புள்ள செத்துட்டான்.”

கழுதை தலையைக் குனிந்துகொண்டது. “கேள்விப்பட்டேன் தாயி. மனசே சரியில்ல.”

“நீங்க இறைச்ச ஊத்துத்தான் அண்ணாச்சி.”

“ராசா சொன்னாரு, சுமந்தேன். சுமக்கச் சொன்னா சுமக்கதுதானே தாயி எம்பொழப்பு?”

“சரி. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. புல்லைக் கண்டா உங்க சனத்துல என்ன செய்வாக?”

“தின்பாக.”

“இத்தனை மாசம் நீங்க என்ன செஞ்சீக?”

கழுதை யோசித்தது. “தண்ணி ஊத்துனேன்,” என்றது.

“உங்க அப்பா, தாத்தா கேட்டா என்ன சொல்லுவாக?”

கழுதை முதுகை ஒரு உதறு உதறியது. இரண்டு குடமும் விழுந்து உடைந்தன. புல்தரையின் ஒரு மூலையில் வாயை வைத்தது. மறு மூலைக்கு வந்துதான் நிமிர்ந்தது. பழுத்ததோ பச்சையோ, ஒன்றையும் விடவில்லை. ரோஜாவையும் கடித்துத் தின்றது. குரோட்டன்ஸை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு மிதித்துப் போட்டது.

மயில் தோகையைக் கோதி முடித்துக்கொண்டு வந்து பார்த்தது. அலறியது.

“அடப்பாவி! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!”

“தெரியாது ராசா,” என்று பொதியப்பன் ஏப்பம் விட்டது. “புல்லு வாசனை தெரியும்.”

மயில் தண்டனை சொல்ல வாயெடுத்த வேளையில் தலைக்குமேல் சிறகுச் சத்தம் கேட்டது. பூநாரைகள்! மார்கழி பிறந்துவிட்டது! மயிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மொட்டைத் தரை நடுவே தோகையை விரித்துக்கொண்டு நின்றது.

பூநாரைத் தலைவி இறங்கியதும் இப்படியும் அப்படியும் பார்த்தது.

“ராசா, இங்கே ஊதாப் பூவாய்க் கொட்டிக் கிடக்குமே, அந்தக் கொடி எங்கே? இவ்வளவு தூரம் அதை நினைத்துக்கொண்டேதான் பறந்து வந்தோம்!”

“பிடுங்கிவிட்டோம்,” என்றது மயில் ஈனக்குரலில்.

“ஐயையோ! ஏன்?”

“நீங்கள்தானே! போன வருஷம் நீங்கள்தானே, ஒரே முள்ளாக இருக்கிறது என்றீர்கள்!”

“ஆமாம், சொன்னேன்! வழியெல்லாம் நாய்த் தொல்லை. ஒரு ராத்திரி கண்மூட முடியவில்லை. இங்கே முள்ளைப் பார்த்ததும்தான் உயிரே வந்தது. ஒரே முள்ளாக இருக்கிறது, நாய் எட்டிப் பார்க்காது என்று சந்தோஷப்பட்டுச் சொன்னேன் ராசா!”

மயிலின் தோகை ஒவ்வொரு இறகாய் இறங்கியது.

பூநாரை ஊற்றுக்குப் போய் ஒரு வாய் குடித்தது. உடனே துப்பியது. “உப்புத் தண்ணிக்குத்தான் கடலே இருக்கிறதே,” என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டியது. வெயில் சாய்வதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்துவிட்டன.

“எங்கே அந்த நிபுணர்? கூப்பிடு!” என்று மயில் கத்தியது.

நிபுணர் எப்போதோ உப்பு லாரியில் ஏறிவிட்டது. இப்போது வேறொரு காட்டில், “உப்புக் காற்றிலேயே புல்தரை போட்டவனாக்கும் நான்!” என்று சொல்லிக்கொண்டிருக்கிறதாம். அங்கேயும் பட்டம் கொடுத்திருப்பார்கள்.

சுடலி மூன்று குஞ்சுகளோடு முன்னே வந்தது. அதன் குரலில் கேலி இல்லை.

“ராசா, உம்மைத் தைச்சது ஒரு சொல்லு. எனக்குப் போனது ஒரு புள்ள.”

மயில் தோகையை மடக்கிக்கொண்டு அவற்றுக்கு வழி விட்டு விலகியது.

அதன்பின் ஊற்றை யாரும் இறைக்கவில்லை. முட்சங்கன் முள்ளுக்குள் மாட்டிப் பிழைத்திருந்த ஒரே ஒரு அடம்பங்கொடியிலிருந்து துண்டு துண்டாய்க் கிள்ளி, மேடுமேடாய் ஊன்றிவைக்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது. அந்த வேலையை ராசாவுக்கே கொடுத்தார்கள். முள்ளுக்குள் அலகை விடும்போதெல்லாம் அது அகவும் சத்தம் கடல்வரை கேட்டது. நரிகளுக்கு அதைக் கேட்பதில் ஒரு ஆனந்தம்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. கொடி படர்ந்து, மணல் அடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றில் கரிப்பு விட்டது. தண்ணீர் இனிக்கிறது என்று முயல் வந்து சொன்னதும் காடே ஓடியது. மயில் பழைய மிடுக்கோடு எல்லோரையும் விலக்கிக்கொண்டு முதல் ஆளாய்க் கழுத்தை நீட்டியது.

அங்கே வளர்ந்த மூன்று கௌதாரிக் குஞ்சுகள் குடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் கடைக்குட்டிக்கான இடம் காலியாக இருந்தது.

“பொறும்வே ராசா,” என்றது சுடலி. “ஊறட்டும்.”

மயில் கழுத்தை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றது.

ஆகவே, விருந்தாளி மெச்ச வேண்டும் என்று மண்ணுக்கு ஒட்டாத செடியைக் கொண்டுவந்து வைப்பவன், தன் வீட்டுக் குஞ்சின் வாயிலிருந்துதான் அதற்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறான்.