கரடியின் கத்தி பழுத்த கதை

குமிழங்காட்டுக் கரடி கருத்தானிடம் ஓர் எஃகுக் கத்தி இருந்தது. தேனெடுக்க வந்தவர்கள் பாறையில் மறந்துவிட்டுப் போனது அது. காட்டில் யார் கண்ணியில் சிக்கினாலும் அதைக் கொண்டுதான் கருத்தான் கயிற்றை அறுத்துவிடுவான். வேலை முடிந்ததும் தன் நெஞ்சு மயிரில் அழுத்தி இழுத்துத் துடைத்து, மரப்பொந்தில் வைப்பான். அவ்வளவுதான் அவன் செய்த பராமரிப்பு.

ஒருநாள் அந்தக் கத்தியால் மாங்காய் அரிந்தான். கத்தி கறுத்துப் போயிற்று. கத்திக்கு ஏதோ நோய் என்று மயிலிடம் ஓடினான்.

"மயிலண்ணே, இது ஏன் இப்படி ஆச்சு?"

மயில் கத்தியை ஏற இறங்கப் பார்த்தது. "உன் அழுக்கு நெஞ்சுல துடைச்சா வேற எப்படி இருக்கும்? உடம்புன்னா என்னை மாதிரி மினுமினுன்னு இருக்கணும். மணலைப் போட்டுத் தேய். இனிமே நெஞ்சுல துடைக்காதே."

தேய்த்தான். கறுப்பு போயிற்று. அதைக் குளக்கரைத் தவளை பார்த்தது.

"அடப்பாவி, இப்படித் தேய்ச்சா உடம்பு எரியாதா? தண்ணியில போடு. ஈரந்தான் உடம்புக்குச் சுகம். என்னைப் பாரு, நல்லா இல்லையா?"

தவளை நன்றாகத்தான் இருந்தது. கருத்தான் கத்தியைக் குளத்தில் போட்டான். மறுநாள் எடுத்தால் கத்தி முழுக்கச் செம்புள்ளி. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கறுத்தால் நோய், சரி. சிவந்தால்?

கிளையில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால் கொட்டாவி விட்டது. "சிவந்தா பழுக்குதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நாள் பொந்துல வை."

கத்தி பழுக்குமா என்று கருத்தானுக்குச் சந்தேகம்தான். ஆனால் மூவரும் அவன் நல்லதுக்குத்தானே சொன்னார்கள்? யாரை நம்புவது, யாரை விடுவது? ஈரக் கத்தியை அப்படியே பொந்தில் வைத்துத் தினமும் முகர்ந்து பார்த்தான். பழ வாசனை வரக் காணோம்.

அந்த நேரம் பார்த்து முயல் செவ்வந்தி கண்ணியில் மாட்டிக்கொண்டாள். கருத்தான் கத்தியோடு ஓடினான். அறுத்தான், அறுத்தான். துருதான் உதிர்ந்தது, ஒரு நார்கூட அறுபடவில்லை. தூரத்தில் வேடர்களின் நாய் குரைத்தது.

"அண்ணே, சீக்கிரம்!"

"கத்தி பழுத்துப்போச்சு தாயி."

"கத்தி எங்கயாவது பழுக்குமா?"

கருத்தான் கயிற்றைப் பல்லால் கடித்தான். கயிறு அறுந்தது. அவசரத்தில் அவள் காலும் கிழிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தான். அவள் காலைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

சேதி கேட்டு மூவரும் முயலின் காலைப் பார்க்க வந்து சேர்ந்தார்கள்.

"மணலைப் போட்டுத் தேய்," என்றது மயில்.

"குளத்துல இறக்கு," என்றது தவளை.

வௌவால் எட்டிப் பார்த்தது. "சிவந்திருக்கே, நல்லதுதான்."

கருத்தான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. முயலிடம் குனிந்தான். "உனக்கு என்ன வேணும் தாயி?"

"முதல்ல இவங்களைப் போகச் சொல்லுங்க அண்ணே."

அவர்களை அனுப்பிவிட்டு அவள் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு கத்தியைக் கல்லில் தீட்டி, ஈரம் போகத் தன் நெஞ்சிலேயே துடைத்தான். மயிரின் எண்ணெய்ப் பசை ஏறியது. மாங்காய் அரிய அரியக் கத்தி நாளடைவில் மறுபடியும் கறுத்தது. அந்தக் கறுப்பு இருந்தவரை துரு அண்டவில்லை, கத்தியும் நன்றாகவே அறுத்தது. செவ்வந்திதான் அதன்பின் நொண்டி நொண்டி நடந்தாள்.

தனக்கு நல்லது எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்பவர்களைக் கேட்குமுன், நம் கையில் இருப்பதன் குணத்தை நாமே அறிந்துகொள்ள வேண்டும்.