மூச்சுவிட்ட புல்தரை

கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஓர் இறாலும் ஓர் அயிரை மீனும் வாழ்ந்தன. இறாலின் வயிற்றில் முட்டைகள் இருந்தன. தொட்டியின் முன்பக்கம், புதிதாக ஊன்றிய குட்டைப் புல் கம்பளம்போலப் படரத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இறால் முடிவு செய்தது.

ஆனால் அயிரைக்கு மண்ணைக் கிளறும் பழக்கம். அது மூக்கை நுழைத்த இடத்திலெல்லாம் நாற்று பிடுங்கிக்கொண்டு மிதந்தது.

"டேய்! மறுபடியும் பிடுங்கிட்டியா?"

"வேர் பிடிக்கிறவரைக்கும்தான் அக்கா இந்தத் தொல்லை. கிளறலைன்னா அடிமண்ணுக்கு மூச்சு முட்டும்!"

"மண்ணுக்கு மூச்சா! இனிமே இந்தப் பக்கம் வந்தே, உன் மீசையை நறுக்கிடுவேன்!"

அயிரை பின்பக்கக் கல்லுக்கு ஒதுங்கியது.

புல் அடர்ந்து கண்ணாடியைத் தொட்டது. இறால் நாளெல்லாம் அதன்மேல் உலாவியது.

ஒருநாள் காலடியில் புல் மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது. நீரில் அசைவே இல்லை. மறுபடி எழுந்தது, தூங்குகிறவனின் மார்பு மாதிரி.

அதே தொட்டியில் ஊர்ந்து திரிந்த நத்தை ஒன்று புல்லுக்குள் போனது; திரும்பவில்லை. மூன்றாம் நாள் அதன் ஓடு தலைகீழாக மிதந்து போனது. பின்னாலேயே ஒரு குமிழி. அழுகிய முட்டை வாடை. இறால் பதறித் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. தன் முட்டைகள் அல்ல.

கண்ணாடியோரம் குனிந்து பார்த்தது. பச்சைக்குக் கீழே மண் கன்னங்கரேலென்று இருந்தது.

"தம்பி! ஓடி வா! எங்கே வேணும்னாலும் கிளறு!"

அயிரை கிட்டே வரவில்லை. "இப்போ முடியாது அக்கா. அடியில விஷக்காத்து சேர்ந்துபோச்சு. நான் மூக்கை வச்சா மொத்தமாக் கிளம்பும். நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்."

"அப்போ என் பிள்ளைங்க?"

"துள்ளாதே. காலை அழுத்தாம நடந்து மேலே போயிடு!"

இறால் நடந்தது. ஒவ்வோர் அடிக்கும் தரை அமுங்கி, மீண்டும் உப்பியது.

மேலே சாய்ந்திருந்த மரக்கட்டையில், ஒளிய ஓர் இலைகூட இல்லாத இடத்தில், குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அம்மா! கீழே எவ்வளவு பச்சை! போகலாமா?"

"கூடாது!" என்றது இறால். கீழே புல் எழுந்து தாழ்ந்தது.

மேற்பரப்பின் அழகுக்காக, அடியில் உழைப்பவனைத் துரத்துகிறவர்களுக்குக் கடைசியில் நிற்க இடம் இருப்பதில்லை.