அடைக்காமல் விட்ட நான்கு ஓட்டைகள்

முன்னொரு காலத்தில், காற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்காத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். எதிரிப் படை வந்தாலும் பயப்பட மாட்டார். புலி வந்தாலும் பயப்பட மாட்டார். தன் ஏழு வயது மகள் செங்கமலம் தும்மினால் மட்டும் அவருக்குக் கைகால் நடுங்கும். ராணி ஒரு காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து அப்படித்தான்.

அந்த வருஷம் பக்கத்து நாட்டில் கொள்ளைநோய் பரவியது. கெட்ட காற்றில்தான் நோய் வருகிறது என்று வழிப்போக்கர்கள் சொன்னார்கள். ராஜா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சபையில், "இனி என் மகள் மேல் வெளிக்காற்றே படக்கூடாது. வழி சொல்லுங்கள்" என்றார்.

பிரதானி விருபாட்சர் எழுந்தார். ராஜா ஓரடி எடுத்து வைத்தால் அவருக்காகப் பத்தடி ஓடுகிறவர் அவர். "கருங்கல்லில் ஓர் அறை கட்டுவோம், மகாராஜா. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஐந்து முழம். ஜன்னல் வேண்டாம். கதவின் இடுக்கை மெழுகால் அடைத்துவிடலாம். ஒரு மண்டலம் இளவரசி உள்ளே இருக்கட்டும். காற்று எப்படி வருகிறது, பார்ப்போம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாதவன் ஒருவன் இருந்தான். அவன் சபையின் விகடன், காளத்தி. கிணறு தோண்டும் குடும்பத்தில் பிறந்தவன். ராஜாவைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே அவர் பக்கத்தில் இடம் பிடித்தவன். அது பிரதானிக்கு என்றுமே பிடித்ததில்லை.

பிரதானி அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குழந்தை அழுவாள். யாராவது மனம் இளகி, திறக்கச் சொல்வார்கள். அதனால் ஓர் ஆணை வேண்டும். 'கதவைத் திற' என்று சொல்கிறவன் தலை போகும் என்று."

ராஜா ஆணையில் முத்திரை வைத்தார்.

வெள்ளிக்கிழமை சூரியன் உதித்ததும் கதவை அடைத்தார்கள். உள்ளே செங்கமலமும் செவிலி பூவாயியும் இருந்தார்கள். அவல் மூட்டையும் தண்ணீர்க் குடங்களும் இருந்தன. குழந்தை இருட்டுக்குப் பயப்படுவாள் என்று பன்னிரண்டு விளக்குகளை ஏற்றி வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு சின்னத் துளை போட்டு, அதன் வழியாக ஒரு கயிற்றைச் சபை வரைக்கும் இழுத்து மணியில் கட்டினார்கள். கயிறு நகரும்படி, துளையையும் நெய் கலந்த மெழுகால் பூசினார்கள். நலமாக இருந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மகளிடம் ராஜா சொல்லியிருந்தார்.

காலையில் மணி ஓயவே இல்லை. விளையாட்டுப் போல அடித்துக்கொண்டே இருந்தாள். ராஜா முகத்தில் தெளிவு வந்தது. வெயில் ஏற ஏற மணிச் சத்தம் குறைந்தது. உச்சிப்பொழுதில், நீண்ட நேரத்துக்குப் பிறகு, ஒரே ஒருமுறை கேட்டது.

"இளவரசி தூங்குகிறாள் போலிருக்கிறது" என்றார் பிரதானி.

காளத்திக்கு ஒரு பழைய கிணறு நினைவுக்கு வந்தது. அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர்வார, முதலில் கயிற்றில் விளக்கை இறக்கினார்கள். விளக்கு அணைந்தது. ஏதோ காற்றில் அணைந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினான். மேலே தூக்கியபோது உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. விளக்கு உயிரோடு இல்லாத இடத்தில் மனிதனும் இருக்க முடியாது என்பதைக் காளத்தி அன்று தெரிந்துகொண்டான். இந்த அறையில் பன்னிரண்டு விளக்குகள். இரண்டு உயிர்கள்.

திறக்கச் சொன்னால் தலை போகும். தலை போனாலும் கதவு திறக்காது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது அவன் கண் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியின் மேல் விழுந்தது. போன மாதம் செங்கமலம் அவனுடைய சுண்ணாம்புக் கிண்ணத்தில் தெளிந்து நின்ற தண்ணீருக்குள் பப்பாளித் தண்டை விட்டு ஊதி விளையாடினாள். "காளத்தி மாமா, பால் வந்துடுச்சு" என்று குதித்தாள்.

அவன் ஓடிப்போய், தெளிந்த சுண்ணாம்பு நீர் இரண்டு கிண்ணமும், ஒரு தண்டும், கொல்லனின் சின்னத் துருத்தியும் எடுத்து வந்தான். இடுப்பில் ஓர் உருண்டை மெழுகையும் செருகிக்கொண்டான்.

"மகாராஜா, அடைப்பு வேலை முடியவில்லை. நான்கு ஓட்டைகளை விட்டுவிட்டார்கள்."

ராஜா துள்ளி எழுந்தார். "எங்கே?"

"இளவரசி மூக்கில் இரண்டு. பூவாயி மூக்கில் இரண்டு. கெட்ட காற்று அவற்றின் வழியாக அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. உத்தரவு கொடுத்தால் அவற்றையும் அடைத்துவிடுகிறேன். மெழுகு கொண்டுவந்திருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"தலை பாரமாக இருக்கிறதா, காளத்தி?" என்றார் பிரதானி.

"நான் திறக்கச் சொல்லவில்லையே, பிரதானியாரே. அடைக்கத்தானே சொல்கிறேன்."

ராஜாவின் குரல் தடித்தது. "உள்ளே போன காற்றுதானே வெளியே வருகிறது. அது வேறு, இது வேறு என்றால் என் கண்ணுக்குக் காட்டு. காட்டாவிட்டால் இன்றே உன் தலை தரையில்."

காளத்தி ஒரு கிண்ணத்தில் துருத்தியின் வாயை வைத்து ஊதினான். நூறு எண்ணும்வரை ஊதினான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இது சபையில் இருக்கும் காற்று."

அடுத்த கிண்ணத்தில் தண்டை விட்டு வாயால் ஊதினான். குமிழ் வந்தது. மெல்ல மெல்லத் தண்ணீர் வெளுத்தது. பால் போல ஆனது.

"வாயில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான்" என்றார் பிரதானி.

"அப்படியானால் தாங்களே ஊதுங்கள். தாங்கள் வாயில் எதையும் வைக்கிறவரில்லையே, வார்த்தையைத் தவிர."

தெளிந்த கிண்ணத்தைப் பிரதானி வாங்கி ஊதினார். அவர் கண்ணெதிரே, அவருடைய மூச்சிலேயே அதுவும் வெளுத்தது. பிரதானியின் முகமும் வெளுத்தது.

காளத்தி மெதுவாகச் சொன்னான். "விளக்கு எண்ணெயை எரிக்கிறது. நாம் தின்ற சோற்றை உடம்பு எரிக்கிறது. அதனால்தான் உடம்பு சூடாக இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல காற்று வேண்டும். எரித்த பிறகு மிஞ்சும் புகையைத்தான் வெளியே விடுகிறோம். அது கண்ணுக்குத் தெரியாத புகை, மகாராஜா. சுண்ணாம்புக்குத் தெரிகிறது. அந்த அறையில் காலையிலிருந்து பன்னிரண்டு விளக்கும் இரண்டு பேரும் இருக்கிற நல்ல காற்றைத் தின்று, இந்தப் புகையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வெளியே போக வழியில்லை."

இப்போது அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொள்வது ஆக்சிஜன், வெளியே தள்ளுவது கார்பன் டை ஆக்சைடு. காளத்திக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அண்ணனின் முகம் தெரியும்.

ராஜா மணியைப் பார்த்தார். கயிறு அசையவில்லை. "கத..." என்று தொடங்கினார். ஈட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்திரை வைத்த ஆணை ராஜாவுக்கும் ஆணைதான்.

"வாயால் சொல்ல வேண்டாம், மகாராஜா" என்றான் காளத்தி. "ஆணை வாய்க்குத்தான். கைக்கு இல்லை."

ராஜா ஒரு சேவகனின் கோடரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கதவின் கீல்கள் பெயர்ந்து விழுந்தன. உள்ளே ஒரே இருட்டு. பன்னிரண்டு விளக்கும் அணைந்திருந்தன. பூவாயி சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். செங்கமலம் கயிற்றைக் கையில் சுற்றியபடியே தரையில் கிடந்தாள். இருவரையும் தூக்கிவந்து முற்றத்தில், காற்று வீசும் இடத்தில் கிடத்தினார்கள்.

ராஜா மகளின் மூக்கருகே உள்ளங்கையை வைத்தார். ஒன்றும் படவில்லை. முற்றத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு, மிக லேசாக, உள்ளங்கையில் ஒரு சூடு பட்டது. மறுபடியும் பட்டது.

பூவாயி இருமினாள். செங்கமலம் கண்ணைத் திறந்தாள். "அப்பா, தலை வலிக்குது. விளக்கெல்லாம் தானா அணைஞ்சு போச்சு. மணி அடிக்கக் கைய தூக்க முடியல."

ராஜா மகளை மடியில் எடுத்துக்கொண்டார். பிறகு ஆணை ஓலையைப் பிரதானி கையில் கொடுத்து, அவரையே கிழிக்கச் சொன்னார். காளத்தியிடம், "என்ன வேண்டுமோ கேள்" என்றார்.

"அந்தக் கதவு வேண்டும், மகாராஜா."

"கதவா? பொன் கேள். ஊர் கேள்."

"பொன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் தூங்குவேன். அந்தக் கதவு இங்கே இருந்தால் தூங்க மாட்டேன்."

பெயர்ந்து கிடந்த கதவைக் காளத்தி முதுகில் ஏற்றிக்கொண்டான். கதவுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிய, இங்கும் அங்கும் இடித்துக்கொண்டு அரண்மனை வாசலைத் தேடி நடந்தான். அதைப் பார்த்துச் செங்கமலம் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து ராஜாவும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பொன்னும் ஊரும் பின்னாலேயே காளத்தி வீட்டுக்குப் போகட்டும் என்று சிரிப்புக்கு நடுவே உத்தரவு போட்டார்.

அவர் சிரித்து முடிக்கும்வரை அந்த உள்ளங்கை மட்டும் மகளின் மூக்கருகேயே இருந்தது.