மூன்றாம் நாள் குளியல்

முன்னே முன்னே, அணில் பேசினால் மனிதருக்குப் புரிந்த காலத்தில், உவர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். அங்கே அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் உப்பு வாரினார்கள். அக்காள் பேச்சிக்கனி, தங்கை தங்கப்பழம். தாய் தகப்பன் இல்லை. ஒருத்திக்கு ஒருத்திதான்.

இருபது வருஷம் உப்புத் தண்ணீரில் நின்று பேச்சிக்கனிக்குக் கால் வெடித்தது. மினுங்கும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பிடித்துக் கை பிளந்தது. வைத்தியர் வந்து பார்த்தார்.

"இதுக்கு மருந்து கிடையாது தாயி. மேற்கே மலைக்குப் போ. மூணு நாள் நிழல்ல இரு, அருவியில குளி. இல்லன்னா இந்த உடம்பு அடுத்த கோடையைத் தாங்காது."

"நான் போயிட்டா என் பாத்தியை யாரு பாப்பா?"

"நான் பாக்கேன்," என்றாள் தங்கப்பழம். "மூணு நாள்தானக்கா. போயிட்டு வா." கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். தன் செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள்.

ஒரு பகல் முழுக்க நடந்து பேச்சிக்கனி மலையேறினாள். மரம் மரத்தை உரசிக்கொண்டு நின்றது. காற்று குளிர்ந்து வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் மூச்சில் உப்பு இல்லை.

அருவிக்கரையில் ஒரு வீடு. வாசலில் பட்டு உடுத்தி ஒருவன் நின்றான். பெயர் நீலகேசன். பார்த்தால் இருபத்தைந்து வயது சொல்லலாம். அவன் மாயாவி என்பதும், அவனுக்கு வயது முந்நூறு என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

"களைச்சு வந்திருக்கியேம்மா. குளி, எல்லாம் போயிரும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இப்போ உன்னை நினைச்சுக்கிட்டிருக்கிற ஆள் யாரு?"

"என் தங்கச்சி தங்கப்பழம்," என்றாள் பெருமையாக. அருவியில் நின்றாள். கால் வெடிப்பு மறைந்தது.

ஈரச் சேலையோடு கரையேறும்போது மரக்கிளையில் ஒரு மலையணில் கேட்டது. "போன வலி எங்கே போச்சு?"

"எங்கேயோ போச்சு. என்னை விட்டுப் போச்சுல்ல," என்று சிரித்தாள்.

இரண்டாம் நாளும் அவன் கேட்டான், அவள் தங்கையின் பெயரைச் சொன்னாள். கண் எரிச்சல் நின்றது. அணில் மறுபடி கேட்டது. "போன வலி எங்கே போச்சு?"

"மலை குடிச்சிருக்கும்," என்றாள். அன்று அவள் பசித்துச் சாப்பிட்டாள், பகலிலேயே படுத்துத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில், குளிக்கப் போகுமுன்னே அணில் வழியை மறித்து உட்கார்ந்தது. "மலை வலியைக் குடிக்காது. உன் தங்கச்சி பேரை அவன் எதுக்குக் கேட்டான்?"

பேச்சிக்கனிக்குப் புரிந்துவிட்டது. குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிளந்த உள்ளங்கை விண்ணென்று தெறித்தது. கை மட்டும்தானே, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தாள். அணிலைச் சுற்றிக்கொண்டு அருவிக்குப் போனாள். பெயரைச் சொன்னாள். குளித்தாள். கை பூப்போல ஆனது.

மலையிறங்கி உப்பளத்துக்கு வந்தபோது தங்கப்பழம் வரப்பில் குப்புறக் கிடந்தாள். கால் வெடித்து ரத்தம் உப்பில் கோடு போட்டிருந்தது. கண் திறக்க முடியவில்லை. கை இரண்டும் பிளந்திருந்தன. அப்படியும் இரண்டு பேர் பாத்தியிலும் மூன்று நாள் உப்பு வாரிக் குவித்திருந்தாள்.

"வந்துட்டியாக்கா? உடம்பு தேவலையா?"

பேச்சிக்கனி ஓவென்று அழுதாள். தங்கையை முதுகில் சுமந்துகொண்டு மறுபடி மலையேறினாள். அருவியையும் மாயாவியையும் பற்றி வழியெல்லாம் சொன்னாள். மூன்றாம் நாள் காலையை மட்டும் சொல்லவில்லை.

"அவன் என்ன கேட்டான்? அப்படியே சொல்லு."

"'இப்போ உன்னை நினைச்சுக்கிட்டிருக்கிற ஆள் யாரு'ன்னு கேட்டான்."

தங்கப்பழம் அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

நீலகேசனுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒவ்வொரு வலியையும் இடம் மாற்றும்போது அவனுக்கு ஒரு வயது குறையும். தங்கப்பழத்தை அருவியில் நிறுத்தினான். "சொல்லும்மா, உன்னை நினைச்சுக்கிட்டிருக்கிற ஆள் யாரு?"

"என் பேரைச் சொல்லுட்டி," என்று அக்காள் கதறினாள். அவள் சொல்லவில்லை.

"யாரு?" அவன் தண்ணீருக்குள் இறங்கினான். அவள் சொல்லவில்லை.

"யாரு?" அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நெருங்கி வந்து நின்றான். உலகத்தில் வேறெதுவும் அப்போது அவன் நினைப்பில் இல்லை.

"இப்போ என்னையே நினைச்சுக்கிட்டிருக்கிறது நீருதான்," என்றாள் தங்கப்பழம். "நீலகேசன்."

அவ்வளவுதான். அவள் கால் ஆறியது, கண் திறந்தது, கை கூடியது. நீலகேசன் அலறினான். அவள் வலி அவனிடம் போன வழியிலேயே, முந்நூறு வருஷமாக அவன் ஊர் ஊராக அனுப்பிய வலியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவனைத் தேடி வந்தது. தோல் சுருங்கி, பல் உதிர்ந்து, கடைசியில் ஒரு பிடி சாம்பலாகி அருவியோடு போனான். யாருடைய வலியையோ சுமந்து படுத்துக் கிடந்தவர்கள் எல்லா ஊரிலும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அக்காளும் தங்கையும் கரையில் உட்கார்ந்தார்கள். பேச்சிக்கனியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அணில் சொன்னதைச் சொன்னாள்.

"என்னைக்குச் சொல்லிச்சு?"

"மூணாம் நாள் காலையில."

"குளிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

தங்கப்பழம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாயாவியை ஒழித்ததற்காக ராஜா அந்த வீட்டையும் சுற்றியுள்ள தோப்பையும் தங்கப்பழத்துக்கே கொடுத்தார். உப்பளத்துக்காரர்கள் முறைவைத்து வந்து மூன்று மூன்று நாள் தங்கினார்கள். அருவி வெறும் தண்ணீர்தான். ஆனாலும் குளிர்ந்த தண்ணீர். அவள் எல்லாருக்கும் சுடுகஞ்சி கொடுத்தாள், பாய் விரித்தாள். அவள் நன்றாக வாழ்ந்தாள்.

பேச்சிக்கனி இரண்டு பேர் பாத்தியையும் தனியாகப் பார்த்தாள். மறு வருஷம் அவள் முறை வந்ததும் மலையேறினாள். வாசலில் தங்கப்பழம் நின்றாள். அக்காள் கையில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். முகம் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"வாங்க," என்றாள், மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே. "எத்தனை நாள் தங்கப் போறீங்க?"