முதலை நகராத மணல்மேடு

செவ்வந்தி இரண்டு மாதமாக ஒரே மணல்மேட்டில் கிடந்தது. செவ்வந்தி என்றதும் பூ என்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையின் குளத்தில் இருக்கும் முதலை. எட்டடி நீளம், வாய் நிறையப் பல். அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் அதைக் கவனித்துக்கொள்ளும் சவரிமுத்து. அவர் ஒருவர் கண்ணுக்குத்தான் அது அழகாகத் தெரிந்தது.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சற்று நேரம் நிற்பார்கள். பொம்மையை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று முணுமுணுப்பார்கள். பிறகு யாராவது ஒரு கல்லை எறிந்து சோதிப்பார்கள். செவ்வந்தி அசையாது. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கல் எறியவா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள்?

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூழைக்கடாப் பறவை இருந்தது. மீனைவிட அதற்கு ஊர்ப்பேச்சுதான் பிடிக்கும். முதலையக்காவுக்கு வயதாகிவிட்டது, இனி அதைத் தூக்கி அடுப்பில் வைக்க வேண்டியதுதான் என்று தினமும் கிண்டல் செய்தது. மான்களும் கொக்குகளும் அதைக் கேட்டுச் சிரித்தன.

செவ்வந்தி வாயே திறக்கவில்லை. அதன் வயிற்றுக்குக் கீழே, மணலுக்குள் ஒரு முழ ஆழத்தில், இருபத்தேழு முட்டைகள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் இட்ட முட்டைகளில் மழைத் தண்ணீர் புகுந்து எல்லாம் அழுகிப்போயின. போன வருடம் அது தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கீரி வந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டது. இந்தத் தடவை யாரிடமும் சொல்வதில்லை, இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று செவ்வந்தி முடிவு செய்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு ஜோடி நீர்நாய்கள் வந்து இறங்கின. வெளியூரிலிருந்து எந்த மிருகம் வந்தாலும் நோய்நொடி இருக்கிறதா என்று முப்பது நாள் தனியாக வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த முப்பது நாளும் முடிந்தன. ஆனால் அவற்றுக்கென்று இடம் தயாராகவில்லை. அதனால் குளக்கரையில், மணல்மேட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு கூண்டில் விட்டார்கள். பெண் நீர்நாய் நிறைமாதமாக இருந்தது.

செவ்வந்தி மேட்டை இன்னும் அழுத்திக்கொண்டு படுத்தது. நீர்நாய்க்கு முதலை முட்டை என்றால் உயிர் என்று அதற்குத் தெரியும்.

ஒருநாள் கூழைக்கடா பறந்து வந்து வலைமேல் உட்கார்ந்தது.

"அக்கா, சேதி தெரியுமா? குளத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவுல சுவர் கட்டப் போறாங்க. ஒரு பாதி உனக்கு, ஒரு பாதி அந்த நீர்நாய்ங்களுக்கு. அஸ்திவாரம் உன் மேட்டு மேலதான் வருது. செவ்வாய்க்கிழமை தோண்டுறாங்க!"

செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறை. சனங்கள் வராத நாளில்தான் மண்வேலை, சுவர்வேலை எல்லாம் நடக்கும்.

சொன்னபடியே செவ்வாய்க்கிழமை காலை நான்கு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோடு செவ்வந்தியின் விலா வரை வந்து நின்றது. அந்தப் பக்கம் போய் மறுபடியும் தொடங்கியது.

சவரிமுத்து அக்கரையில் நின்று ஒரு முழுக்கோழியைத் தூக்கிக் காட்டினார். "வா தாயி, வந்து தின்னு" என்று கெஞ்சினார். செவ்வந்தி திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கிலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். அது வாயை அகலத் திறந்து காட்டியதே தவிர, யாரையும் கடிக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த மூங்கிலைக் கரும்பு மாதிரி ஒடித்திருக்கலாம். ஆனால் கடித்தால் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிவிடுவார்கள், முட்டைகள் கடப்பாரைக்கு இரையாகும் என்று அது யோசித்தது.

"டீ குடிச்சிட்டு வந்து கயிறு போட்டுடலாம்" என்றார் ஆட்களில் மூத்தவர். எல்லாரும் கிளம்பினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் மணலுக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. பிறகு ஒரே கூச்சல். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் தாயைக் கூப்பிட்டன.

செவ்வந்தி முன்காலால் மணலைப் பறித்தது. வெளியே வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பல்லுக்கு நடுவே எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. ஓடு உடையாத முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து உருட்டி உடைத்தது.

கூழைக்கடா அதைப் பார்த்துவிட்டது. "ஐயோ, பெத்த பிள்ளையைத் திங்கிறாளே!" என்று அலறியது. கொக்குகள் கத்தின, மான்கள் கால்களை உதைத்தன. அந்தக் கலவரம் கேட்டு ஆட்கள் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். முதலையின் வாயில் குட்டி வால்கள் தொங்குவதைப் பார்த்ததும் ஒருவர் மூங்கிலை ஓங்கி அதன் முதுகில் ஒன்று வைத்தார்.

செவ்வந்திக்கு வலித்தது. வலியில் பல்லைக் கடித்திருந்தால் குஞ்சுகள் நசுங்கியிருக்கும். அலறியிருந்தால் அவை ஆட்களின் காலடியில் விழுந்திருக்கும். அது இரண்டையும் செய்யவில்லை. அடி வாங்கிய முதுகோடு, ஓடாமல், குலுங்காமல், ஓரடி ஓரடியாக நடந்து தண்ணீரில் இறங்கியது. தாடையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வாயைத் திறந்தது.

உள்ளேயிருந்து பத்துக் குஞ்சுகள் நீந்தி வெளியே வந்தன!

மூங்கில் தானாகக் கீழே இறங்கியது. "ஆத்தாடி, இதுக்கா அடிச்சோம்" என்றார் அடித்தவர். சவரிமுத்து அழுதார், சிரித்தார், எதைச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. செவ்வந்தி அவர்களைக் கண்டுகொள்ளாமல் மறுபடியும் மேட்டுக்கு ஏறியது. இன்னும் பதினேழு பாக்கி.

கூண்டுக்குள்ளிருந்து பெண் நீர்நாய் கூழைக்கடாவைப் பார்த்துக் கேட்டது:

"எனக்குக் குட்டி பிறந்தா நானும் வாயிலதான் தூக்கிட்டுப் போவேன். கையா இருக்கு நமக்கு? அப்பவும் இப்படித்தான் கத்துவியா?"

பிறகு அது செவ்வந்தியின் பக்கம் திரும்பியது. "அக்கா, நாங்க இந்தக் கூண்டுக்கு வந்த அன்னிக்கே எனக்கு முட்டை வாசனை தெரிஞ்சுபோச்சு. நீ நகராம கிடந்ததைப் பார்த்தேன். அதனால என் வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடல. ஆனா ஒண்ணு, வாசனை ரொம்ப நல்லா இருந்துச்சு. சீக்கிரம் சுவரைக் கட்டச் சொல்லு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் செவ்வந்தி பேசியது. "உன் குட்டிங்களும் நல்லபடியாப் பிறக்கட்டும், தங்கச்சி."

சுண்ணாம்புக் கோடு பதினைந்து அடி தள்ளிப் போனது. சுவர் எழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் நீர்நாய்க்கு மூன்று குட்டிகள் பிறந்தன. அடுத்த மாதம் எங்கள் ஊரே திரண்டு வந்தது. வாசலில் வைத்த புதுப் பலகையில் இருபத்தேழு என்று பெரிதாக எழுதியிருந்தது. நானும் வரிசையில் நின்று பார்த்தேன். செவ்வந்தி தண்ணீரில் மிதக்க, அதன் தலைமேல் ஏழெட்டுக் குஞ்சுகள் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தன. யாரும் கல் எறியவில்லை. கூழைக்கடாவோ வருகிறவர்களிடமெல்லாம், இவை எங்கள் குளத்துப் பிள்ளைகள் என்று தானே பெற்றதைப்போல மார்தட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஒருவரின் பல்லைப் பார்த்துப் பயந்து பழி சொல்வதற்கு முன்னால், அந்தப் பல்லுக்கு நடுவே அவர் எதைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.